ஷிராஸ் வைனில் மிளகு வாசம் எப்படி வருகிறது?

மே மாதம் தொடங்கினால் திருகோணமலையின் உப்புவெளியும் நிலாவெளியும் வெளிநாட்டுப் பயணிகளால் நிறைந்துவிடும். அந்த மாதங்களில் கடற்கரை ஹோட்டல்களில் பரிமாறும் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு பெயர் ஷிராஸ். மெனுவில் சிவப்பு வைன்களுக்கு நடுவே அது இருக்கும். பக்கத்தில் ‘கறுமிளகு, பிளம், சொக்லேட்’ என்று ஏதாவது எழுதியிருக்கும். “இதற்கும் சிராவுக்கும் என்ன வித்தியாசம்?” என்று விருந்தாளி ஒருவர் கேட்டால், சிரித்துச் சமாளித்துவிட்டு உள்ளே போய் யாரிடமாவது கேட்க வேண்டியதுதான். உள்ளே இருப்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

வைனைப் பற்றித் திருமலையில் பேச்சுக்கு மட்டும் குறைவில்லை. சிவப்பு வைனுக்குச் சாயம் சேர்க்கிறார்கள் என்பார் ஒருவர். மிளகையும் சொக்லேட்டையும் கலந்து காய்ச்சுகிறார்கள் என்பார் இன்னொருவர். குடித்தால் இரத்தம் ஊறும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தால் உடம்பு தேறும் என்று சொல்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூடச் சரியில்லை. கடைசியாகச் சொன்னது ஆபத்தானதும்கூட.

யாரையும் குடிக்கத் தூண்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒரு சின்னப் பழத்தின் தோலுக்குள் நடப்பது இவ்வளவு சுவாரசியமாக இருக்கும்போது, அதைத் தப்புத் தப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம். குடிக்காதவர்களும் தாராளமாக வாசிக்கலாம்.

சாறுக்கு நிறம் இல்லை

ஷிராஸ் என்பது முதலில் ஒரு திராட்சை இனத்தின் பெயர். அந்தத் திராட்சையில் செய்த வைனுக்கும் அதே பெயரைச் சொல்கிறோம். பழம் சிறியது, நீலம் ஓடிய கறுப்பு, உள்ளே விதை உண்டு. நாம் குலையாக வாங்கிச் சாப்பிடும் திராட்சை தின்பதற்கென்றே வளர்க்கப்படுவது. அதில் சதை அதிகம். வைன் திராட்சையில் சதை குறைவு, சீனி அதிகம், சதையோடு ஒப்பிட்டால் தோலும் விதையும் அதிகம்.

சந்தையில் வாங்கிய கறுப்புத் திராட்சை ஒன்றைக் கவனமாகத் தோலுரித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது வெளிறிய பச்சைச் சதை. அதைப் பிழிந்தால் வரும் சாறும் கிட்டத்தட்ட நிறமில்லாமல்தான் இருக்கும். ஷிராஸும் அப்படியே. சதையே சிவப்பாக இருக்கும் சில இனங்கள் உலகில் உண்டு என்றாலும் அவை விதிவிலக்குகள். அப்படியென்றால் அந்தக் கடும் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

தேத்தண்ணி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணிக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. தேயிலையைப் போட்டதும் நிறம் இறங்குகிறது, மணம் இறங்குகிறது, கூடவே துவர்ப்பும் இறங்குகிறது. சீக்கிரம் வடித்தால் வெளிறிய தேத்தண்ணி. மறந்துபோய் விட்டுவிட்டால் நாக்கை இழுக்கும் சாயம். சிவப்பு வைனில் திராட்சைச் சாறு தண்ணியின் இடத்தில் இருக்கிறது, தோல் தேயிலையின் இடத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஊற விடுகிறார்கள், எவ்வளவு சூட்டில் ஊற விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து நிறமும் துவர்ப்பும் மாறும்.

இந்த ஒப்புமை இதற்கு மேல் போகாது. தேத்தண்ணியில் வேலையைச் செய்வது சூடு. வைனில் நெருப்பு மூட்டுவதே இல்லை. அங்கே நடப்பது வேறு.

தொட்டிக்குள் நடப்பது

பறித்த பழத்தை நசுக்கித் தோலோடும் விதையோடும் தொட்டியில் விடுகிறார்கள். ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக் கல உயிர்கள் சாற்றிலுள்ள சீனியைத் தின்று மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும். இதற்குப் பெயர் நொதித்தல். ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சீனி இருந்தால் அது 1 சதவீத மதுசாரமாக மாறும். நன்றாகப் பழுத்த ஷிராஸின் ஒரு லிட்டர் சாற்றில் 230, 240 கிராம் சீனி இருக்கும். கணக்குப் போட்டால் 13, 14 சதவீதம் வருகிறது. போத்தலில் எழுதியிருக்கும் எண் இப்படி வருவதுதான். சாராயத்தைப் போலக் காய்ச்சி வடிப்பது இதில் இல்லை.

வாயு மேலே கிளம்பும்போது தோல்களையும் தூக்கிக்கொண்டு வந்து மேற்பரப்பில் ஒரு தடித்த படலமாகச் சேர்த்துவிடும். மேலே மிதக்கிற தோல் சாற்றில் ஊறாது. காற்றுப் பட்டுக் கெட்டும் போகும். அதனால் நாளுக்குச் சில தடவை அதை உள்ளே அமுக்க வேண்டும், அல்லது அடியிலிருந்து சாற்றை இறைத்து மேலே ஊற்ற வேண்டும். வைன் தொழிலில் முதுகு ஒடியும் வேலைகளில் இதுவும் ஒன்று. ஒரு வாரம் முதல் மூன்று, நான்கு வாரம் வரை இப்படி ஊறவிட்டுப் பிறகு பிழிந்து தோலை அகற்றுவார்கள்.

இந்த நாட்களில் தோலிலிருந்து முக்கியமாக இரண்டு பொருட்கள் இறங்குகின்றன. ஒன்று அந்தோசயனின். சிவப்பு, ஊதா, நீல நிறங்களைத் தருகிற இயற்கைச் சாயம் இது. சாற்றிலுள்ள புளிப்பில் அது சிவப்பாகத் தெரியும். மற்றது டானின். துவர்ப்பைத் தருவது இதுதான். நம் உமிழ்நீரில் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்கள் இருக்கின்றன. டானின் அவற்றைப் பிடித்துக் கட்டியாக்கிவிடும். வழுவழுப்புப் போய்விடுவதால் வாய் காய்ந்ததுபோல் இருக்கும். துவர்ப்பு நாக்கில் மட்டும் தெரியாமல் ஈறு, கன்னம் எல்லா இடத்திலும் தெரிவதற்குக் காரணம் அதுதான். நிறம் தண்ணீரிலேயே இறங்கத் தொடங்கிவிடும். விதையின் டானினை இறக்க மதுசாரம் வேண்டும். ஆகவே நொதித்தலின் முதல் நாட்களில் நிறமும், பிந்திய நாட்களில் துவர்ப்பும் ஏறும்.

தோலைச் சில மணி நேரத்திலேயே எடுத்துவிட்டால் இளஞ்சிவப்பு வைன் கிடைக்கும். ரோசே என்று மெனுவில் இருப்பது அது. ஊறவே விடாமல் உடனே பிழிந்தால் கறுப்புத் திராட்சையிலிருந்தே வெள்ளை வைன் எடுக்கலாம். பிரான்சின் ஷம்பெயினில் பெரும் பங்கு பினோ நுவார், மூனியே என்ற கறுப்புத் திராட்சைகளிலிருந்துதான் வருகிறது.

கோயிலில் திருப்பலிக்குப் பயன்படும் வைன் சிவப்பாக இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் கேட்பது திராட்சையிலிருந்து இயற்கையாக எடுத்த, கெட்டுப்போகாத வைனை. நிறத்துக்கு அதில் நிபந்தனை இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சீனி ஈஸ்டால் மதுசாரமாகிறது, நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருந்து ஊறி இறங்குகின்றன. வெளியிலிருந்து சாயம் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

மிளகு யாரும் போட்டதில்லை

இனி மிளகுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

மெனுவில் ‘கறுமிளகு’ என்று போட்டிருந்தால் மிளகு சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. முகர்ந்து பார்த்தால் மிளகு ஞாபகம் வரும் என்று அர்த்தம். ஆனால் இதை வெறும் வர்ணனை என்றும் தள்ளிவிட முடியாது. மிளகில் எது மணக்கிறதோ அதே பொருள் ஷிராஸ் தோலிலும் இருக்கிறது. அதன் பெயர் ரொட்டண்டோன். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் அவுஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஷிராஸில் எது மிளகுபோல் மணக்கிறது என்று நீண்ட காலம் தேடி, 2008இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அதுவரை மிளகு வாசத்துக்கே இந்தப் பொருள்தான் முக்கிய காரணம் என்று யாருக்கும் தெரியாது. வைனில் தேடப்போய், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாம் அம்மியில் அரைத்துவரும் மிளகின் மணத்துக்கும் விடை கண்டுபிடித்தார்கள்.

இதன் வலிமையைப் பாருங்கள். ஒரு லிட்டர் சிவப்பு வைனில் 16 நானோகிராம் ரொட்டண்டோன் இருந்தாலே மனித மூக்கு அதைப் பிடித்துவிடும். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. நம் சமையலறையில் இருக்கும் மிளகிலோ, நன்றாக மிளகு மணக்கும் வைனில் இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு ரொட்டண்டோன் இருக்கிறது. மிளகு இரசம் கொதிக்கும்போது பக்கத்து வீடு வரை தெரிவதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு விசித்திரமும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. சோதனையில் முகர்ந்து பார்த்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவே இல்லை. அளவை எவ்வளவோ கூட்டிக் கொடுத்தும் தெரியவில்லை. ஆகவே ஒரே மேசையில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் “நல்ல மிளகு வாசம்” என்றும் மற்றவர் “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்றும் சொன்னால் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். வைன் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மூக்கு பிறவியிலேயே வேறு.

ரொட்டண்டோன் தோலில்தான் சேர்கிறது. குளிர்ந்த இடங்களில், நிழல் விழும் குலைகளில், மெதுவாகப் பழுக்கும் ஆண்டுகளில் கூடுதலாகச் சேரும். வெயில் கடுமையாகப் பட்ட குலைகளில் குறைந்துவிடும்.

மற்ற வாசங்கள் வேறு வழிகளில் வருகின்றன. பழ வாசங்களில் பல, ஈஸ்ட் தன் வேலையைச் செய்யும்போது உண்டாகும் சேர்மங்களால் வருபவை. வனிலா வாசம் ஓக் மரப் பீப்பாயிலிருந்து இறங்குவது. பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவதால் புகை, கோப்பி, சொக்லேட் சாயல்களும் சேரும். அமெரிக்க ஓக் பீப்பாயில் வைத்தால் தேங்காய் வாசம்கூட வரும். லாக்டோன் என்ற வகைச் சேர்மங்கள் அதற்குக் காரணம்.

வைனில் எதையுமே சேர்ப்பதில்லை என்று சொல்லவும் கூடாது. கெட்டுப்போகாமல் இருக்கச் சிறிதளவு சல்பர் டைஒக்சைட் சேர்ப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம். ‘சல்பைட் உண்டு’ என்று போத்தலிலேயே எழுதியிருப்பார்கள். சூடான நாடுகளில் புளிப்பு குறைந்தால் டார்டாரிக் அமிலம் சேர்ப்பதும் உண்டு. அது திராட்சையிலேயே இருக்கிற அமிலம்தான். மிளகும் சொக்லேட்டும் இந்தப் பட்டியலில் இல்லை.

பாரசீகத்திலிருந்து வந்ததா?

ஈரானில் ஷிராஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. பழைய காலத்தில் அந்த ஊரின் வைன் பெயர்பெற்றது. இந்த இரண்டையும் சேர்த்து, சிலுவைப் போருக்குப் போன வீரன் ஒருவன் அங்கிருந்து கொடியைக் கொண்டுவந்து பிரான்சில் ரோன் ஆற்றங்கரைக் குன்றில் நட்டான் என்று ஒரு கதை உருவாகிவிட்டது. அந்தக் குன்றின் பெயர் ஹெர்மிடாஜ். இன்றும் அதன் உச்சியில் ஒரு சிறிய தேவாலயம் நிற்கிறது. கேட்க நல்ல கதை. ஹோட்டல்களில் விருந்தாளிகளுக்குச் சொல்லப்படுவதும் இதுதான்.

1990களின் இறுதியில் மரபணுச் சோதனை இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கேரல் மெரிடித்தின் குழுவும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தத் திராட்சையின் தாய் தகப்பனைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று துரேசா என்ற கறுப்பு இனம். மற்றது மோந்தூஸ் பிளான்ஷ் என்ற வெள்ளை இனம். இரண்டுமே தென்கிழக்குப் பிரான்சின் பழைய இனங்கள், இரண்டுமே பெரிதாகப் பேர் வாங்காதவை. அவை பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்த ஏதோ ஒரு தோட்டத்தில் தற்செயலாக மகரந்தம் சேர்ந்து பிறந்ததுதான் இது. பாரசீகத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பிரான்சில் இதற்குச் சிரா என்று பெயர். 1832இல் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் ஐரோப்பாவில் சேகரித்த திராட்சைத் தண்டுகளை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார். அவற்றில் இதுவும் இருந்தது. அங்கே பெயர் ஷிராஸ் என்று நிலைத்துவிட்டது. ஆக, விருந்தாளி கேட்கும் கேள்விக்குப் பதில்: சிராவும் ஷிராஸும் ஒரே திராட்சை. ‘பெட்டிட் சிரா’ என்று ஒன்றைப் பார்த்தால் மட்டும் கவனம். அது வேறு இனம். துரீஃப் என்பது அதன் இன்னொரு பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றியது, சிராவின் பிள்ளை.

அவுஸ்திரேலியாவுக்குப் போனது இந்த இனத்துக்குப் பெரிய அதிர்ஷ்டமாகவும் அமைந்தது. 1860களில் பிலோக்செரா என்னும் வேர்ப்பேன் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப் போட்டுத்தான் காப்பாற்றினார்கள். தென் அவுஸ்திரேலிய மாநிலத்துக்குள் அந்தப் பூச்சி நுழையவே இல்லை. அதனால் அங்குள்ள பரோசா பள்ளத்தாக்கில் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் சொந்த வேரிலேயே இன்றும் காய்க்கின்றன.

ஒரே திராட்சை, இரண்டு குணம்

திராட்சை ஒன்றுதான் என்றாலும் இரண்டு இடத்து வைனையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்று போல் இருக்காது. குழப்பமே இங்கேதான். இதற்குக் காரணம் வெயில்.

பழம் பழுக்கும்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சீனி ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. திராட்சையில் இருக்கும் புளிப்பில் ஒரு பகுதி மாலிக் அமிலம். கொடி சுவாசிக்கும்போது அதை எரித்துவிடும்; இரவு சூடாக இருந்தால் இன்னும் வேகமாக எரிக்கும். ஆகவே சூடான இடத்துப் பழத்தில் சீனி அதிகம், புளிப்பு குறைவு. குளிர்ந்த இடத்துப் பழத்தில் சீனி அளவோடு, புளிப்பு தூக்கலாக.

வட ரோன் பகுதியில் கோட் ரோட்டி, ஹெர்மிடாஜ், கோர்னாஸ் போன்ற இடங்களில் செங்குத்தான சரிவுகளில் சிரா வளர்கிறது. அங்கே பழம் மெதுவாகப் பழுக்கும். வடக்கிலிருந்து அடிக்கும் மிஸ்ட்ரல் என்ற காற்று கொடியைப் பிடுங்கிவிடும் அளவுக்குப் பலமானது. ஒவ்வொரு கொடிக்கும் கம்பு நட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். அந்த வைனில் மிளகு, புகை, ஒலிவ் காய் போன்ற வாசங்கள் முன்னால் நிற்கும். புளிப்பு தெரியும். மதுசாரம் பெரும்பாலும் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கோட் ரோட்டியில் ஒரு பழைய வழக்கம் உண்டு: வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையையும் கொஞ்சம் சேர்த்து ஒன்றாக நொதிக்க விடுவார்கள். வெள்ளையைச் சேர்த்தால் நிறம் வெளிறும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் வெள்ளைத் தோலில் உள்ள சில சேர்மங்கள் அந்தோசயனினோடு சேர்ந்து நிறத்தை நிலைப்படுத்தவும் செய்யும்.

பரோசா வெயில் ஊர். பழம் முழுக்கக் கனிந்துவிடும். மதுசாரம் 14, 15 சதவீதம் வரை போகும். மிளகு பின்னால் போய், ஜாம் போன்ற பழச் சுவையும் சொக்லேட் சாயலும் முன்னால் வரும். வாயில் தடிப்பாக, கொஞ்சம் இனிப்பு மாதிரிகூடத் தோன்றும். சீனி எதுவும் மிச்சம் இல்லாவிட்டாலும் கனிந்த பழமும் மதுசாரமும் சேர்ந்து அந்த உணர்வைத் தந்துவிடும்.

இப்போது உலகின் மற்ற நாடுகளில் இதை வளர்ப்பவர்கள் எந்தப் பெயரைப் போத்தலில் போடுவது என்று தாங்களே முடிவு செய்கிறார்கள். பிரெஞ்சுப் பாணியில் மெலிதாகச் செய்தவர் சிரா என்று எழுதுவார். அவுஸ்திரேலியப் பாணியில் தடிப்பாகச் செய்தவர் ஷிராஸ் என்று எழுதுவார். தென்னாபிரிக்காவில் இரண்டையும் பார்க்கலாம். இது சட்டம் இல்லை, ஒரு குறிப்பு மட்டுமே. நான் யாருக்காவது ஒரு வழி சொல்வதென்றால், பெயரை விட்டுவிட்டு ஊரையும் மதுசார சதவீதத்தையும் பாருங்கள் என்பேன். 13க்குக் கிட்ட இருந்தால் மிளகையும் புளிப்பையும் எதிர்பார்க்கலாம், 14.5 என்றால் கனிந்த பழத்தை எதிர்பார்க்கலாம்.

சுருக்கமாக: இனம் ஒன்று, பிறந்த இடம் பிரான்ஸ், பெயர் இரண்டு. குணத்தை மாற்றுவது வெயிலும் செய்பவரின் கையும்.

திருமலையில் ஏன் விளைவதில்லை?

யாழ்ப்பாணத்தில் திராட்சை விளைகிறதே, இங்கே ஏன் முடியாது என்று கேட்கலாம். யாழ்ப்பாணத் தோட்டங்களில் அதிகம் காண்பது இஸ்ரேல் புளூ என்ற தின்னும் திராட்சை, வெப்பத்துக்குப் பழகியது. ஷிராஸ் போன்ற வைன் திராட்சைகளுக்கு ஆண்டில் ஒரு குளிர்கால ஓய்வு தேவை. இலை உதிர்த்துத் தூங்கி, பிறகு துளிர்க்க வேண்டும். குளிர் இல்லாத நாட்டில் கொடி தூங்காது. கத்தரித்துத்தான் துளிர்க்க வைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் திருமலையில் வெயில் காலத்து இரவுகள் 25 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது, ஆகவே புளிப்பு மிஞ்சாது. ஒக்டோபரில் தொடங்கும் மாரி மழையில் குலைகளைப் பூஞ்சணம் பிடிக்கும்.

இந்தியாவின் நாசிக்கில் ஷிராஸ் வளர்க்கிறார்கள். அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீற்றர் உயரம். மழை முடிந்த பிறகு கத்தரித்து, குளிர் மாதங்களில் பழுக்க வைத்து, ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள். வெப்ப நாட்டில் கொடியை ஏமாற்றிக் காய்க்க வைக்கும் கெட்டித்தனம் அது.

இரத்தம் ஊறுமா?

ஊறாது. நிறம் சிவப்பு என்பதைத் தவிர இரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் சிவப்பு அந்தோசயனின். இரத்தத்தின் சிவப்பு இரும்பைக் கொண்ட ஹீமோகுளோபின். வைனில் இரும்பு இருப்பது உண்மை, ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம். ஆனால் அதே வைனில் இருக்கும் டானினும் அதன் உறவுப் பொருட்களும் இரும்பைப் பிடித்து வைத்து உடம்பு உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது அதைத் தேத்தண்ணியோடு எடுக்க வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்வதற்கும் இதே காரணம்தான். இரத்தம் குறைந்தவருக்குச் சாப்பாட்டோடு சிவப்பு வைன் கொடுத்தால் எதிர்மாறான வேலைதான் நடக்கும்.

பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பதைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன். தாய் குடிக்கும் மதுசாரம் தாய்ப்பாலுக்குள் போகும். கர்ப்ப காலத்தில் குடித்தால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கே போகும். வீட்டில் யாராவது ‘பழ வைன்தானே’ என்று நீட்டினால் தடுக்க வேண்டும்.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. கொழுப்பை நிறையச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதய நோய் குறைவாக இருப்பதற்குச் சிவப்பு வைன் காரணமாக இருக்கலாம் என்று அதில் சொன்னார்கள். திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரோல் என்ற பொருளை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஆய்வுகூடத்தில் பயன்படுத்தும் அளவோடு பார்த்தால் வைனில் அது இருப்பது மிகச் சொற்பம், ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் இருந்தாலே அதிகம். மறுபக்கம், மதுபானம் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மதுசார அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. சுவைக்காகக் குடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அது அவர் தெரிவு. மருந்தாகக் குடிக்கிறேன் என்று சொன்னால் அது தவறு.

மேசையில்

ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி உடனே பயன்படும்.

சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேச்சு பிறந்தது ஐரோப்பாவின் குளிர்ந்த வீடுகளில். அங்கே அறை என்றால் 16, 18 பாகை. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் நம் அறை 30 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஊற்றினால் மதுசாரம் ஆவியாகி மூக்கில் அடிக்கும். மிளகு வாசம் எங்கே போனதென்று தெரியாது. பரிமாறுவதற்கு முன் இருபது, முப்பது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மணிக்கணக்கில் வைத்து மிகவும் குளிர விட்டால் வாசம் அடங்கி, துவர்ப்பு மட்டும் கடுமையாகத் தெரியும்.

போத்தலை வைக்கும் இடமும் முக்கியம். வெயில் படும் ஜன்னலோரத் தட்டில் மாதக்கணக்கில் நின்ற வைன் வெந்த பழம் மாதிரி ஆகிவிடும். பழசானால் நல்லது என்று வீட்டு அலுமாரியில் பத்து வருடம் பூட்டி வைப்பதில் பயனில்லை. பல பத்தாண்டுகள் தாங்கும் ஹெர்மிடாஜ் வைன்கள் இருக்கின்றன, உண்மை. அவை குளிர்ந்த நிலவறையில் அசையாமல் கிடப்பவை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஷிராஸ் வாங்கிய சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகச் செய்தது.

அடுத்தது மீன். திருமலைக்கு வருகிற பயணி அறுக்குளாவும் இறாலும் நண்டும் கேட்காமல் போவதில்லை. சிவப்பு வைனோடு மீன் சாப்பிட்டால் சிலவேளை வாயில் ஒரு துருவாடை, மீன் வெடில் போன்ற சுவை வரும். மீன் பழுதென்று விருந்தாளி திருப்பி அனுப்பியும் விடலாம். காரணத்தை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்: வைனில் இருக்கும் அந்தச் சொற்ப இரும்புதான். மீனின் கொழுப்போடு அது சேரும்போது அந்த வாசத்தை உண்டாக்குகிறது. இரும்பு எல்லாப் போத்தலிலும் ஒரே அளவில் இருக்காது என்பதால் ஒரு நாள் நன்றாக இருந்த சேர்க்கை மறுநாள் கெட்டுப்போகும்.

உறைப்பான நண்டுக் கறிக்கு ஷிராஸ் எனக்குத் தெரிந்து மிக மோசமான துணை. மிளகாயின் எரிவை உணரும் அதே நரம்பு உணரியை மதுசாரமும் தூண்டும். 14 சதவீத வைனை ஊற்றினால் வாய் இன்னும் எரியும்; துவர்ப்பு அதைக் கூட்டிக்காட்டும். அப்படிக் கேட்பவருக்குக் குளிர்ந்த வெள்ளை வைனையோ இளநீரையோ சொல்லுங்கள். மிளகு தடவித் தணலில் வாட்டிய ஆட்டிறைச்சி கேட்பவருக்கு ஷிராஸைத் தயங்காமல் சொல்லலாம். இறைச்சியின் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் துவர்ப்புத் தணியும், மிளகும் மிளகும் சேர்ந்துகொள்ளும்.

திறந்த போத்தலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை தாங்கும். வெளியே விட்டால் நம் சூட்டில் மறுநாளே மாறத் தொடங்கும். காற்றுப் பட்டதும் அசெட்டிக் அமிலப் பக்டீரியா மதுசாரத்தை வினாகிரியாக மாற்றும். கிளாஸில் ஊற்றுவதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் அடித்தால் அதை மேசைக்குக் கொண்டுபோக வேண்டாம், மேலாளரிடம் சொல்லிப் புதிய போத்தல் திறவுங்கள்.